கூரையைக் கழற்றினா ஜீப்புக்கு என்ன ஆகும்?

குச்சனூர், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம்னு எங்க பள்ளத்தாக்குல எந்த ஊர்ல பிறந்தாலும் ஜீப் சத்தம் கேட்காம வளர முடியாது. விடியுமுன்னே கிளம்பி, போடிமெட்டு வழியாவோ கம்பமெட்டு வழியாவோ குமுளி வழியாவோ இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்புகள். சாயங்காலம் அதே ஜீப், அதே ஆட்கள், கூடவே களைப்பு. மகேந்திரா மேஜர், எம்.எம். 540, கமாண்டர், மார்ஷல்னு பழைய வண்டிகளுக்கு இன்னும் உயிர் இருக்கிற ஊர் இது. மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்ல சேர்ந்த பிறகு இந்த வண்டிகளைப் பார்க்கிற பார்வை கொஞ்சம் மாறுது. ஒரே மாடல் ஜீப்தான். ஒண்ணுக்கு மேல இரும்புக் கூரை, இன்னொண்ணுக்கு ஃபைபர் கூரை, மூணாவதுக்குக் கித்தான் படுதா. இதுல எது சரி?

இந்தக் கேள்வி இப்ப நம்ம காலேஜ் பசங்ககிட்டயும் வந்திருச்சு. பழைய ஜீப் ஒண்ணை வாங்கி, மேல இருக்கிற ஹார்டு டாப்பைத் தூக்கிட்டு சாஃப்ட் டாப் போட்டு, மேகமலைக்கோ கொழுக்குமலைக்கோ போகணும்னு ஆசைப்படாதவங்க குறைவு. அந்த ஆசைக்குள்ள இருக்கிற இன்ஜினியரிங்கையும் சட்டத்தையும் பார்ப்போம். ரெண்டுல எதை விட்டாலும் மாட்டிக்குவோம்.

முதல்ல கொஞ்சம் வரலாறு. ஜீப் பிறந்ததே படுதாவோடதான். 1941இல் வந்த வில்லீஸ் எம்.பி. ராணுவ வண்டிக்கு இரும்புக் கூரையே கிடையாது. வளைச்ச குழாய்கள் மேல கித்தானை இழுத்துக் கட்டினா அதுதான் கூரை. எடை குறையும், வேண்டாம்னா மடக்கி வைக்கலாம், கிழிஞ்சா தைக்கலாம். மகேந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் பம்பாயில் வில்லீஸ் ஜீப்புகளைப் பூட்ட ஆரம்பிச்சப்போ அந்த வடிவமும் கூடவே இந்தியாவுக்கு வந்துச்சு. 1985இல் வந்த மாருதி ஜிப்ஸி, ஹார்டு டாப், சாஃப்ட் டாப் ரெண்டு வகையிலும் வித்தாங்க. 2010இல் வந்த முதல் தார், படுதாக் கூரையோடதான் வந்தது. அதுக்கு ஹார்டு டாப் வேணும்னவங்க வெளிப் பட்டறையில ஃபைபர் கூரை வாங்கி மாட்டினாங்க. 2020 அக்டோபர் 2ஆம் தேதி வந்த இரண்டாம் தலைமுறைத் தார்லதான் கம்பெனியே ஹார்டு டாப்பையும் சாஃப்ட் டாப்பையும் சேர்த்துக் கொடுத்தது.

ஏன் இந்த வண்டிகளுக்கு மட்டும் கூரையை மாத்த முடியுது, ஸ்விஃப்ட்டுக்கோ ஆல்ட்டோவுக்கோ ஏன் முடியலை? பதில் சேஸிஸ்ல இருக்கு. ஜீப், ஜிப்ஸி, தார் எல்லாம் லேடர் சேஸிஸ். ஏணி மாதிரி ரெண்டு நீளக் கட்டை, நடுவுல குறுக்குக் கட்டைகள். இன்ஜின், ஆக்சில், சஸ்பென்ஷன் எல்லாம் அந்த ஏணியிலதான் தொங்குது. பாடி அதுக்கு மேல போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கு. அதனால கூரை போனாலும் வண்டியைத் தாங்குற எலும்பு அப்படியே இருக்கும். கார்கள் மோனோகாக். அங்க தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் எலும்பு.

செருப்பு டப்பா ஒண்ணு எடுத்து மூடியோட முறுக்கிப் பாருங்க. அசையாது. மூடியைக் கழற்றிட்டு முறுக்குங்க, காகிதம் மாதிரி திரும்பும். ஸ்ட்ரெந்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல படிச்ச கணக்கு இதுதான். 50 மில்லிமீட்டர் வெளி விட்டம், 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு குழாயை எடுத்துக்கங்க. அதை நீளவாக்குல ஒரே ஒரு கீறல் கீறி விட்டா, அதோட முறுக்கு விறைப்பு 400 மடங்குக்கு மேல குறையும். (சராசரி ஆரம் 24, தடிமன் 2, வகுத்தா 12, அதோட வர்க்கத்தை 3ஆல் பெருக்கினா 432. போட்டுப் பாருங்க.) பொருள் அதே, எடையும் அதே, மூடியிருந்த வடிவம் திறந்ததால மட்டுமே இந்த வித்தியாசம். மாருதி 800 கூரையை அறுத்துட்டு ஓப்பன் கார்னு சுத்துற வீடியோக்களைப் பார்க்கும்போது இந்த 432 ஞாபகம் வரணும். அந்த வண்டியில மேடு பள்ளம் ஏறும்போது கதவு தானா திறக்கிறது தற்செயல் இல்லை.

ஜீப்லயும் எல்லாக் கூரையும் ஒண்ணு இல்லை. போல்ட் போட்டு மாட்டின ஃபைபர் கூரை வெறும் தொப்பி, கழற்றலாம். ஆனா ஃபேக்டரியிலேயே இரும்புக் கூரையைத் தூண்களோட வெல்டு பண்ணி வந்த மார்ஷல், பொலேரோ மாதிரி வண்டிகள்ல கூரையும் தூணும் ஒரே பாடி. கேஸ் கட்டர் வெச்சு அறுத்தா, சேஸிஸ் தாங்கும். ஆனா கதவுச் சட்டம், முன்கண்ணாடிச் சட்டம், சீட் பெல்ட் மாட்டுற இடம் எல்லாம் தளர்ந்திரும். இந்த ரெண்டாவது வகையைத் தொடவே வேண்டாம்ங்கிறது என் கருத்து. பட்டறையில "அதெல்லாம் பண்ணிரலாம் தம்பி"ன்னு சொல்லுவாங்க. அவங்க சொல்றது அறுக்கிறதைப் பத்தி. அறுத்த பிறகு ஓட்டுறதைப் பத்தி இல்லை.

இப்ப எடைக்கணக்குக்கு வருவோம். மலை ரோட்டுக்கு இதுதான் முக்கியம். ஒரு கணக்குக்காக, ஹார்டு டாப்போட ஜீப் 1400 கிலோ, அதோட ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர், ரெண்டு சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 135 சென்டிமீட்டர்னு வெச்சுக்குவோம். கூரை 60 கிலோ, அது இருக்கிற உயரம் 175 சென்டிமீட்டர். அதைக் கழற்றிட்டு 20 கிலோ படுதாவும் குழாயும் போடுறோம். மொமென்ட் எடுத்துப் பார்த்தா புது ஈர்ப்பு மையம் கிட்டத்தட்ட 67 சென்டிமீட்டர். 3 சென்டிமீட்டர் இறங்கியிருக்கு.

வண்டி கவிழுமா கவிழாதான்னு பார்க்க ஒரு எளிய அளவு இருக்கு: சக்கர அகலத்தை, ஈர்ப்பு மைய உயரத்தோட ரெண்டு மடங்கால வகுக்கணும். விடை பெருசா இருந்தா வண்டி உறுதி. முன்னாடி 0.96, படுதா போட்ட பிறகு 1.01. நல்ல முன்னேற்றம்தான். கொண்டை ஊசி வளைவுல ஓட்டுறவருக்கே வித்தியாசம் தெரியும்.

ஆனா அதே ஜீப்ல 12 பேரை ஏத்துங்க. ஆளுக்கு 50 கிலோ, அவங்க எடை சராசரியா 1 மீட்டர் உயரத்துல. மையம் 77 சென்டிமீட்டருக்கு ஏறிரும், அளவு 0.88க்கு இறங்கிரும். கூரையை மாத்தி சம்பாதிச்சது 0.05, ஆள் ஏத்தி இழந்தது 0.13. ஹார்டு டாப் மேல கேரியர் மாட்டி 100 கிலோ மூட்டை வெச்சாலும் கிட்டத்தட்ட இதே கதைதான், 0.87. எங்க ஊர்ப் பக்கம் தோட்ட வேலைக்குப் போற ஜீப்புகள் கவிழ்ந்து பெண்கள் செத்துப்போற செய்தி எத்தனையோ தடவை வந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் பேச்சு டிரைவர் மேலயும் ரோட்டு மேலயும் போகும். அந்த 0.88ஐ யாரும் பேச மாட்டாங்க.

இன்னொரு தப்பான நம்பிக்கையையும் இங்கயே சொல்லிர்றேன். "ஹார்டு டாப் இருந்தா வண்டி உருண்டாலும் பயமில்லை." ஃபைபர் கூரை மழைக்கும் வெயிலுக்கும் திருட்டுக்கும் தடுப்பு. ஒன்றரை டன் வண்டி தலைகீழா விழுந்தா அது அப்பளம். உயிரைக் காப்பாத்துறது அதுக்குள்ள இருக்கிற ரோல் கேஜும் சீட் பெல்ட்டும்தான். அமெரிக்காவுல கூரை நசுங்கும் வலிமைக்குன்னு ஒரு தனி விதி இருக்கு. அதுலயே திறந்த கூரைக் கார்களுக்கு விலக்கு உண்டு. அதாவது படுதாக்கிட்ட அந்த வேலையை யாரும் எதிர்பார்க்கிறதே இல்லை. ஆனா ஹார்டு டாப் இன்னொரு வேலையைச் செய்யும்: உருளும்போது ஆள் வெளிய தூக்கி எறியப்படுறதை ஓரளவு தடுக்கும். படுதா தடுக்காது. அதனால சாஃப்ட் டாப் போடுறவங்க முதல்ல செலவு பண்ண வேண்டியது படுதாவுக்கு இல்லை. சேஸிஸோட சரியாப் பிணைச்ச ரோல் பாருக்கும், எல்லா சீட்டுக்கும் பெல்ட்டுக்கும். பின்னாடி பக்கவாட்டுல பார்த்து உட்கார்ற பெஞ்ச் சீட் இருக்கே, அதுல பெல்ட் இல்லாத பயணி வெறும் சுமை மாதிரிதான் பறப்பார்.

சட்டம் எங்க நிக்குது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி சொன்ன விவரமும் ஆர்.சி. புக்ல இருக்கிற விவரமும் வேறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. ஆர்.சி.யில பாடி வகை, காலி எடை, சீட் எண்ணிக்கை, கலர் எல்லாம் பதிவாகியிருக்கும். கூரையை மாத்தினா பாடி வகையும் எடையும் ரெண்டுமே அடிபடுது. 2019 ஜனவரியில் கேரளத்துல இருந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கமாச் சொல்லிருச்சு: கம்பெனி கொடுத்த அசல் அமைப்பை மாத்தின வண்டியைப் பதிவு பண்ண முடியாது, மாநில விதி அனுமதிச்சாலும் மத்தியச் சட்டம்தான் மேல. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாம மாத்தின உரிமையாளருக்கு 6 மாசம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும்.

"இதெல்லாம் பேப்பர்ல இருக்கும் மச்சி"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு வழக்கு. 2022இல் ஸ்ரீநகர்ல ஒரு போக்குவரத்து மாஜிஸ்திரேட், தார் வண்டிக்கு ஹார்டு டாப் மாட்டி, பெரிய டயர், எக்ஸ்ட்ரா லைட், சைரன் எல்லாம் போட்ட ஒருத்தருக்கு 6 மாசத் தண்டனை கொடுத்தார். முதல் குற்றம்ங்கிறதால நன்னடத்தைப் பிணையில விட்டாங்க. வண்டியைப் பழைய நிலைக்கு மாத்தவும் உத்தரவு.

கவனிச்சீங்களா? அங்க நடந்தது சாஃப்ட்ல இருந்து ஹார்டு. நாம பேசுறது ஹார்டுல இருந்து சாஃப்ட். ரெண்டும் ஒரே பிரிவுலதான் மாட்டும், ஒரு விஷயத்தைத் தவிர. உங்க வண்டி ஃபேக்டரியில இருந்து எப்படி வந்தது? ஆர்.சி.யில சாஃப்ட் டாப்னு இருந்து, நடுவுல யாரோ ஃபைபர் கூரை மாட்டியிருந்தா, நீங்க செய்றது மாற்றம் இல்லை, அசலுக்குத் திரும்புறது. அது பாதுகாப்பான பக்கம். எங்க பக்கம் விலைக்கு வர்ற பழைய மேஜர், எம்.எம். 540கள்ல இந்தக் கதை நிறைய. ஆர்.சி.யிலேயே ஹார்டு டாப்னு இருந்தா, கை வைக்கிறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்க் கேட்கிறதுதான் வழி. எஃப்.சி.க்குப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் முதல்ல பார்க்கிறதே வெளித் தோற்றத்தைத்தான். எல்லை தாண்டி கேரளா போனா அங்க கண்ணு இன்னும் கூர்மை. இன்சூரன்ஸ் இன்னொரு தலைவலி. மாத்தினதைச் சொல்லாம விட்டுட்டு விபத்து நடந்தா, க்ளெய்ம் வர்றப்போ முதல் கேள்வியே அதுதான்.

சரி, ஆர்.சி. உங்க பக்கம் இருக்குன்னு வெச்சுக்குவோம். வேலை எப்படி நடக்கும்?

கழற்றுறது சுலபமாத் தெரியும், ஆனா அவசரப்படக் கூடாது. ஹார்டு டாப்ல பின் வைப்பர், உள் லைட், சில வண்டிகள்ல பின்கண்ணாடி ஹீட்டர், மேல இருக்கிற மூணாவது பிரேக் லைட் எல்லாம் இருக்கும். ஒயரையும் வாஷர் தண்ணிக் குழாயையும் முதல்ல பிரிக்கணும். போல்ட் எல்லாம் எடுத்த பிறகு நாலு மூலைக்கு நாலு பேர் நின்னு நேரா மேல தூக்கணும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினா ஃபைபர்ல போல்ட் ஓட்டை ஓரம் விரிசல் விடும். பிரிச்ச ஒயர் முனைகளைச் சும்மா தொங்க விடாதீங்க, மழைத்தண்ணி பட்டு ஃபியூஸ் போறது அங்கதான்.

அடுத்து எலும்புக்கூடு. முன்கண்ணாடிச் சட்டத்து மேல ஒரு பட்டை, நடுவுல வளைச்ச குழாய்கள், பின்னாடி ஒண்ணு. இந்தக் குழாய்களோட இடைவெளிதான் படுதாவோட ஆயுளைத் தீர்மானிக்குது. இடைவெளி அதிகமா இருந்தா நடுவுல துணி தொய்யும். தொய்ஞ்ச இடத்துல தண்ணி தேங்கும். ஒரு சதுர மீட்டர்ல ஒரு சென்டிமீட்டர் தண்ணி நின்னா 10 கிலோ. அந்த எடையில இன்னும் தொய்யும், இன்னும் தண்ணி சேரும். சாமியானாப் பந்தல் மழையில விழுறதும் இதே காரணத்தாலதான். அதனால நடு வில் ரெண்டு பக்க வில்லைவிடக் கொஞ்சம் உயரமா இருக்கணும்.

துணியில ரெண்டு ஜாதி. பருத்திக் கித்தான் நனைஞ்சதும் நூல் உப்பி, துளைகள் தானா அடைஞ்சுக்கும். ஆனா நனைஞ்ச கித்தானை உள்ள இருந்து விரலால தொட்டுப் பாருங்க, தொட்ட இடத்துல சொட்டும். அந்த இடத்துல தண்ணி இறங்க நாமளே வழி பண்ணிக் கொடுத்திர்றோம். கூடவே பூஞ்சை பிடிக்கும், காயாம மடிச்சா நாறும். இன்னொண்ணு பி.வி.சி. பூசின பாலியஸ்டர், நம்ம குஷன் கடைகள்ல ரெக்சின்னும் தார்பாய்னும் சொல்ற குடும்பம். தண்ணி விடாது, ஆனா மூச்சும் விடாது. பொழுதுக்கும் வெயில்ல நின்னா உள்ள அடுப்பு. என் ஓட்டு தடிமனான பி.வி.சி. படுதாவுக்குத்தான், ஏன்னா எங்க பக்கம் மழை ரெண்டு பருவத்துலயும் வரும், மலைக்கு மேல போனா மூடுபனியும் சேரும்.

தையல்காரர்கிட்ட ரெண்டு விஷயம் அழுத்திச் சொல்லணும். ஒண்ணு, பருத்தி நூல் வேண்டாம், பாலியஸ்டர் நூல். துணி நல்லா இருக்கும்போதே வெயில்ல நூல் இத்துப்போறதுதான் சாதாரணமா நடக்கிறது. ரெண்டு, குறுக்குத் தையல்ல முன் துண்டு பின் துண்டு மேல ஏறி உட்காரணும். ஓட்டு வீட்டுல மேல் ஓடு கீழ் ஓட்டு மேல ஏறுற மாதிரி. வண்டி ஓடும்போது மழை முன்னாடி இருந்துதான் அடிக்கும். தையல் மாறிப் போச்சுன்னா காத்தே தண்ணியை உள்ள தள்ளும்.

மாட்டுறது நல்ல வெயில் நேரத்துல. சூட்டுல பி.வி.சி. இளகி இழுபடும், மாட்டின பிறகு ராத்திரி குளிர்ல சுருங்கி விறைப்பா நிக்கும். முதல்ல முன்பட்டை, அப்புறம் பின்னாடி, கடைசியாப் பக்கங்கள்.

எவ்வளவு இறுக்கமா? இதுக்கும் கணக்கு உண்டு. 80 கிலோமீட்டர் வேகத்துல வர்ற காத்தோட அழுத்தம் சுமார் 300 பாஸ்கல். கூரைக்கு மேல காத்து வேகமாப் போறதால அங்க அழுத்தம் குறையும். அந்தக் குறைவு இதுல 0.4 பங்குன்னு எடுத்துக்கிட்டா, 2 சதுர மீட்டர் படுதாவை மேல இழுக்கிற விசை 240 நியூட்டன். கிட்டத்தட்ட 24 கிலோ எடையை வெச்சுத் தூக்குற மாதிரி. 40 கிலோமீட்டர்ல இது கால்வாசிதான். கம்பம் கணவாய்க் காத்து காத்தாடி மின்சாரம் எடுக்கிற அளவுக்கு அடிக்கிற மாசங்கள்ல, எதிர்க்காத்தையும் வேகத்தோட கூட்டிக்கணும். படுதா பலூன் மாதிரி உப்புறது, பட பட சத்தம், ஐலெட் பிடுங்கிட்டு வர்றது எல்லாம் இந்த விசையோட வேலை. முன்பக்க ஜன்னலை மட்டும் திறந்து பின்னாடி மூடி வெச்சா உள் அழுத்தமும் ஏறி உப்பல் அதிகமாகும்.

அப்ப பின்படுதாவைச் சுருட்டி விட்டுட்டா? அங்கதான் பலருக்கும் தெரியாத ஆபத்து. ஓடுற வண்டிக்குப் பின்னாடி எப்பவும் ஒரு குறை அழுத்தச் சுழல் இருக்கும். பக்கங்களை மூடிட்டுப் பின்னாடி மட்டும் திறந்தா, அந்தச் சுழல்ல மாட்டின தூசியும் சைலன்சர் புகையும் திரும்பி உள்ள வரும். கொழுக்குமலை ஜீப்ல பின்சீட்ல உட்கார்ந்து வந்தவங்களோட தலைமுடி கலர் மாறுறது இதனாலதான். தூசி கண்ணுக்குத் தெரியும். புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடு தெரியாது. தலைவலி, வாந்தினு வரும்போது எல்லாரும் மலைச்சுத்துன்னு நினைச்சுக்குவாங்க. பின்னாடி திறந்தா முன்பக்கமும் திறந்து காத்து முன்னிருந்து பின்னாடி ஓடணும். சைலன்சர் குழாய் பாடியைத் தாண்டி வெளிய நீட்டியிருக்கணும், நடுவுல ஓட்டை இருக்கக் கூடாது.

கழற்றின ஹார்டு டாப்பைச் சுவத்துல சாய்ச்சு வைக்காதீங்க, ஃபைபர் வளைஞ்சு திரும்ப மாட்டும்போது போல்ட் ஓட்டை சேராது. நாலு டயர் போட்டு அது மேல படுக்க வைங்க. படுதாவோட பின்பக்கத்துல தைக்கிற தெளிவான பிளாஸ்டிக் ஜன்னலுக்கும் ஒரு வார்த்தை: அது ரெண்டு மூணு வருஷ வெயில்ல மஞ்சளாகி, காய்ஞ்ச துணியால துடைச்சுத் துடைச்சுக் கீறலாகி, ராத்திரி பின்னாடி வர்ற லாரி வெளிச்சத்துல வெறும் வெள்ளைத் திரையா மாறிரும். பின்கண்ணாடி வழியா 70 சதவீத வெளிச்சம் வரணும்னு விதி இருக்கு. தண்ணி ஊத்தி ஈரத்துணியால மட்டும் துடைங்க, சுருட்டும்போது நடுவுல ஒரு பழைய வேட்டித் துணியை வெச்சுச் சுருட்டுங்க, மங்கிப் போச்சுன்னா அந்தத் துண்டை மட்டும் பிரிச்சுப் புதுசு வெச்சுத் தைக்க எந்தக் குஷன் கடையிலும் முடியும்.